கேரம் போர்டும் கீழே வந்து சேராத புரோட்டானும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் கணக்குப் பதிவு. கணக்குன்னாலே அலர்ஜி ஆகறவங்க கடைசியில வர்ற எண்ணூர் சமாச்சாரத்தை மட்டும் படிச்சுட்டு எஸ்கேப் ஆயிடலாம், தப்பா எடுத்துக்க மாட்டேன் :-)

பிசிக்ஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச யூனிட் 'பார்ன்'. இங்கிலீஷ்ல பார்ன்னா தானியம், வைக்கோல் எல்லாம் போட்டு வைக்கிற பெரிய கொட்டாய். 1942 டிசம்பர்ல அமெரிக்காவுல, பர்டியூ பல்கலைக்கழகத்துல, ஹாலோவே, பேக்கர்னு ரெண்டு பேர் ராத்திரி சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து ஒரு பேர் தேடினாங்க. அணுகுண்டு வேலை ஆரம்பிச்ச நேரம். ஒரு அணுக்கரு, தன் மேல வந்து மோதற துகளுக்கு எவ்வளவு பெரிய இலக்காத் தெரியுதுன்னு அளக்க ஒரு யூனிட் வேணும். ஒரு சதுர சென்டிமீட்டரை எடுத்து 1-க்குப் பக்கத்துல 24 சைபர் போட்டு வகுத்தா வர்ற பரப்பு. அணுக்கருவைப் பொறுத்தவரைக்கும் அது கொட்டாய் மாதிரி பெருசு, கண்ணை மூடிக்கிட்டு கல்லு வீசினாக்கூட படும்னு கிண்டலா வச்ச பேர் அப்படியே நிலைச்சுப் போச்சு.

இந்தப் பரப்புக்குத்தான் 'கிராஸ் செக்‌ஷன்', பாடப்புத்தகத் தமிழ்ல குறுக்குவெட்டுப் பரப்பு. நான் வெட்டுப்பரப்புன்னே சொல்றேன், டைப் பண்ண சுலபம். ரெண்டு வருஷமா ஆபீஸ்ல ஆணி புடுங்கி முடிச்சு வீட்டுக்கு வந்ததும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல நான் நோண்டிக்கிட்டிருக்கற விஷயம் இதுதான். அதிவேகத்துல ரெண்டு புரோட்டான் மோதினா அந்த வெட்டுப்பரப்பு எவ்வளவு? எனர்ஜி கூடக் கூட அது ஏறுமா, இறங்குமா, அப்படியே நிக்குமா?

இதை எங்க ஏரியா கேரம் கிளப்புல விளக்க வேண்டிய சூழ்நிலை வந்துச்சு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு எங்க பக்கம் தெருவுக்கு ஒரு கிளப் இருக்கும். தகர ஷீட்டு, ஒரு தொங்குற பல்பு, போரிக் பவுடர் வாசனை. 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா, நம்ம புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு. இங்க கேரம் ஆடத் தெரியாதுன்னு சொன்னா கொஞ்சம் பரிதாபமாத்தான் பார்ப்பாங்க. நான் சுமாரா ஆடுவேன். ஸ்கோர் எழுதறதுக்கு நல்லா ஆடுவேன்.

அங்க வர்ற ஒரு அண்ணன், ஹார்பர்ல கன்டெய்னர் வண்டிக்கு கிளார்க் வேலை, ஒரு நாள் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துட்டு, "இன்னா தம்பி, ஷேர் மார்க்கெட்டா? கோடு மேல ஏறுது"ன்னார். அப்போதான் போர்டை வச்சே சொல்லிடலாம்னு தோணுச்சு.

கேரம் காயோட விட்டம் அதிகபட்சம் 3.18 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கர் 4.13. ஸ்ட்ரைக்கரோட மையம், காயோட மையத்துல இருந்து ரெண்டு பக்கமும் 3.65 சென்டிமீட்டருக்குள்ள வந்தா இடிக்கும், இல்லைன்னா தாண்டிப் போயிடும். ஆக, காய் வெறும் 3.18 அகலமா இருந்தாலும் ஸ்ட்ரைக்கர் பார்வையில அதோட அகலம் 7.3 சென்டிமீட்டர். போர்டு 74 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கர் மையம் ஆடக்கூடிய அகலம் சுமார் 70. கண்ணைக் கட்டிக்கிட்டு நேரா அடிச்சா ஒரே ஒரு காய் இருக்கற போர்டுல பத்துல ஒரு தடவை படும். இந்த 7.3 தான் கேரம் காயோட 'வெட்டு அகலம்'. இலக்கு மட்டும் இதைத் தீர்மானிக்காது, அடிக்கிறதும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. கிராஸ் செக்‌ஷன்ல முதல் பாடமே இதுதான்.

இன்னொரு படி மேல போவோம். போர்டுல 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு, மொத்தம் 19 காய் சமமா பரவிக் கிடக்கு. 74-ஐ 74-ஆல பெருக்கினா 5476 சதுர சென்டிமீட்டர். அதுல 19 காய். அடர்த்தியை 7.3-ஆல பெருக்கித் தலைகீழாக்கினா 39 சென்டிமீட்டர் வரும். அதாவது சராசரியா பாதி போர்டு தாண்டறதுக்குள்ள ஸ்ட்ரைக்கர் ஏதோ ஒரு காயில இடிச்சிருக்கும். 'மீன் ஃப்ரீ பாத்'னு காலேஜ்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணது இதையேதான்.

அண்ணன் இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக்கிட்டார். கேரம் ஆடறவருக்கு இதெல்லாம் கையிலேயே இருக்கற விஷயம். அப்புறம் அவர் கேட்டதுதான் கேள்வி.

"சரிபா, நான் வேகமா அடிச்சா காய் பெருசாயிடுமா இன்னா?"

கேரம்ல ஆகாது. புரோட்டான்ல ஆகும். அதான் கதை.

இந்தக் கதையில ஒரு இந்தியர், இல்ல ரெண்டு இந்தியர் வர்றாங்க. நம்ம அப்பா காலத்து தூர்தர்ஷன்ல 'டர்னிங் பாயின்ட்'னு ஒரு அறிவியல் நிகழ்ச்சி வரும். அதுல வெள்ளைத் தலையோட சிரிச்சுக்கிட்டே பதில் சொல்ற யஷ் பால் ஞாபகம் இருக்கா? நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த நிகழ்ச்சி, அப்பா சொல்லித்தான் தெரியும். ஸ்கூல் பை சுமையைக் குறைக்கணும்னு 1993-ல அறிக்கை கொடுத்த கமிட்டிக்குத் தலைவரும் அவரேதான். ஆனா அவர் அடிப்படையில காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியாளர், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். மேரிலாந்து பல்கலைக்கழகத்துல இருந்த கௌரங் யோத், ஜேம்ஸ் ட்ரெஃபில் கூட சேர்ந்து 1972-ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். புரோட்டான் வெட்டுப்பரப்பு எனர்ஜியோட வேகமா ஏறுதுங்கறதுக்கு காஸ்மிக் கதிர்ல ஆதாரம் இருக்குன்னு அந்தக் கட்டுரை சொல்லுச்சு.

அப்போ பெரும்பாலானவங்க நினைப்பு வேற. எனர்ஜி ஏற ஏற வெட்டுப்பரப்பு ஏதோ ஒரு இடத்துல நிலையா நின்னுடும், ஏறத்தாழ 40 மில்லிபார்ன்ல செட்டில் ஆயிடும்னு ஒரு பொதுவான எதிர்பார்ப்பு. ஹைசன்பர்க் 1952-லயே ஏறும்னு ஒரு மாடல் போட்டிருந்தார். 1970-ல செங், வூன்னு ரெண்டு பேரும் ஏறணும்னு சொன்னாங்க. ஆனா அளந்து காட்ட அந்த எனர்ஜியில மெஷின் கிடையாது.

மெஷின் இல்லாம எப்படி அளந்தாங்க? இங்கதான் எனக்குப் புல்லரிக்கும்.

வானத்துல இருந்து புரோட்டான்கள் கொட்டிக்கிட்டே இருக்கு. நம்ம தலைக்கு மேல இருக்கற காற்று மண்டலம் ஒரு பெரிய கேரம் போர்டு. காற்று அணுக்கருக்கள்தான் காய். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல இருக்கற மொத்தக் காற்றையும் எடை போட்டா, கடல் மட்டத்துல 1033 கிராம். உள்ள நுழையற புரோட்டான் எங்கயோ ஒரு இடத்துல மோதி, பத்து நூறா, ஆயிரம் லட்சமா துகள் மழையா மாறிடும். மோதாமலே தப்பிச்சு வந்து சேர்றது ரொம்ப அபூர்வம். வெட்டுப்பரப்பு பெருசா இருந்தா தப்பிக்கறது இன்னும் அபூர்வம். அப்போ என்ன பண்ணலாம்? மலை உச்சியில டிடெக்டர் வச்சு, கூட்டம் எதுவும் கூட வராம தனியா வந்து சேர்ற ஹாட்ரான்களை எண்ணலாம். மேல எத்தனை கிளம்புச்சுன்னு தெரியும், கீழ எத்தனை வந்துச்சுன்னு தெரியும். நடுவுல எவ்வளவு அடர்த்தியான கூட்டத்தைத் தாண்டி வந்துச்சுன்னு கணக்குப் போட்டுடலாம்.

இதுல ஒரு நேர்மையும் இருக்கு. தனியா வந்ததெல்லாம் உண்மையிலேயே தப்பிச்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நடுவுல மோதி, கூட வந்ததுகளைத் தொலைச்சுட்டு வந்த துகளாவும் இருக்கலாம். அப்படின்னா உண்மையாத் தப்பிச்சது, எண்ணினதை விடக் கம்மி. கம்மின்னா வெட்டுப்பரப்பு இன்னும் பெருசு. ஆக, கணக்குல வர்றது ஒரு கீழ் வரம்பு. 'குறைஞ்சபட்சம் இவ்வளவு'ன்னு சொல்லலாம். அந்தக் குறைஞ்சபட்சமே எனர்ஜியோட மேல மேல போச்சு. அதனாலதான் தைரியமா ஏறுதுன்னு சொல்ல முடிஞ்சது. ஹார்பர்ல வேலை செய்யற அண்ணனுக்கு இது ரொம்பப் பிடிச்சது. "கேட்டுக்கு உள்ள வந்த வண்டி எவ்ளோ, வெளிய போன வண்டி எவ்ளோ, அதை வச்சே உள்ள எவ்ளோ நெரிசல்னு சொல்லிடலாம்பா"ன்னார். அதேதான்ணே.

அடுத்த வருஷமே, 1973-ல, ஜெனீவா சேர்ன்ல ஐ.எஸ்.ஆர். மெஷின்ல ரெண்டு குழுக்கள் தனித்தனியா அளந்து, வெட்டுப்பரப்பு ஏறறதை உறுதி பண்ணிட்டாங்க. 39 மில்லிபார்ன் பக்கத்துல இருந்து 43 வரைக்கும், சுமார் பத்து சதவீதம். அதுல ரோம் நகரத்துக் குழு பீம் குழாய்க்குள்ள டிடெக்டரை இறக்கறதுக்கு ஒரு சட்டி மாதிரி அமைப்பைப் பண்ணாங்க. அதுக்கு 'ரோமன் பாட்'னு பேர் வந்து, எல்.எச்.சி.-ல இன்னைக்கும் அதே பேர்தான்.

யஷ் பால் 2017-ல காலமானார், யோத் 2019-ல. யோத் நல்லா சிதார் வாசிப்பாராம்.

இப்போ எண்களைப் பார்ப்போம். எல்.எச்.சி.-ல 13 டி.இ.வி. எனர்ஜியில டோட்டெம் குழு அளந்தது 110.6 மில்லிபார்ன். ஐ.எஸ்.ஆர். காலத்தோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட மூணு மடங்கு பெரிய புரோட்டான். அர்ஜென்டினாவுல பியர் ஓஷே ஆய்வகம் 2012-ல காற்று மழைகளை வச்சு 57 டி.இ.வி.-ல புரோட்டான்–காற்று மோதலை அளந்துச்சு: 505 மில்லிபார்ன், அதாவது அரை கொட்டாய். இதை வச்சு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 505 மில்லிபார்ன்னா சராசரியா 48 கிராம் காற்றைத் தாண்டறதுக்குள்ள மோதிடும். மேல இருந்து 48 கிராம்னா தரையில இருந்து 20 கிலோமீட்டர் உயரம். திருவொற்றியூர் வரைக்கும் வர 1033 கிராமைத் தாண்டணும், அதாவது அந்த 48-ஐ 21 தடவைக்கு மேல. மோதாமலே எங்க மொட்டை மாடிக்கு வந்து சேர்ற வாய்ப்பு இருநூறு கோடியில ஒண்ணுக்கும் கம்மி.

நம்ம ஊட்டியிலயும் இந்த வேலை நடக்குது. கிரேப்ஸ்-3னு பேர். 2200 மீட்டர் உயரத்துல நூத்துக்கணக்கான டிடெக்டர், கூடவே மியூவான் எண்ண 560 சதுர மீட்டர்ல கான்கிரீட்டுக்கு அடியில 3712 குழாய்கள். 2024-ல அவங்க வெளியிட்ட முடிவுல காஸ்மிக் புரோட்டான்களோட எண்ணிக்கை வளைவு 166 டி.இ.வி. பக்கத்துல சட்டுனு திசை மாறுது. ஆனா மழையைப் பார்த்து மேல வந்தது எதுன்னு சொல்லணும்னா, நடுவுல மோதல் மாடல் ஒண்ணு வேணும். கியூ.ஜி.எஸ்.ஜெட், எபோஸ், சிபில்னு சில மாடல்கள் இருக்கு. எல்லாமே எல்.எச்.சி. எண்களை வச்சு டியூன் பண்ணவை. அப்படியும் ஓஷே ஆய்வகத்துல மாடல் சொல்றதை விட 30-ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் கூடுதலா மியூவான் விழுது. என்னாத்த டியூன் பண்ணாலும் அந்த மியூவான் பிடிபட மாட்டேங்குது.

சரி, இந்த 110-ஐ தியரியில இருந்து நேரடியாக் கணக்குப் போட முடியாதா? முடியாது. அதான் எனக்கு இந்த விஷயத்து மேல பைத்தியம் பிடிக்கக் காரணம்.

ஹிக்ஸ் துகளை எடுத்துக்கோங்க. 13 டி.இ.வி.-ல ஹிக்ஸ் உருவாகற வெட்டுப்பரப்பு சுமார் 48.6 பிகோபார்ன். மொத்த மோதலோட ஒப்பிட்டா இருநூறு கோடியில ஒண்ணுக்கும் கம்மி. (மேல மொட்டை மாடிக்கும் இதே இருநூறு கோடிதான் வந்துச்சு. தற்செயல், உள்குத்து எதுவும் இல்லை.) இந்த அபூர்வமான விஷயத்தை பேப்பர்லயே சில சதவீதத் துல்லியத்துக்குக் கணக்குப் போடறாங்க. அதுல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். 2003-ல வி. ரவீந்திரன், ஜாக் ஸ்மித், வான் நீர்வென் மூணு பேரும் ஹிக்ஸ் உற்பத்தியோட மொத்த வெட்டுப்பரப்பை ரெண்டாம் வரிசைத் திருத்தம் வரைக்கும் போட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் வேற ரெண்டு குழு வேற வழியில போட்ட விடையோட ஒத்துப் போச்சு. ரவீந்திரன் அப்போ அலகாபாத்ல, பிறகு நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனம். ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருக்கற கோவைகளை மேய்க்க அந்தத் துறையில 'ஃபார்ம்'னு ஒரு மொழி வச்சிருக்காங்க. ஆம்ஸ்டர்டாம்ல வெர்மாசெரன் எழுதினது, 1989-ல வெளிய வந்துச்சு. நானும் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். நம்ம ஆபீஸ் லாங்குவேஜ் எல்லாம் அது முன்னாடி எல்.கே.ஜி.

தரமணின்னு சொன்னதும் இன்னொண்ணு. அந்த நிறுவனத்தை ஆரம்பிச்ச அல்லாடி ராமகிருஷ்ணனும் இந்தக் காஸ்மிக் மழைக் கணக்குல இருந்து வந்தவர்தான். பாபாகிட்ட சேர்ந்தப்போ மழையில விழற துகள் எண்ணிக்கையோட ஏற்ற இறக்கம்தான் அவருக்குக் கிடைச்ச பிராப்ளம். 1960-ல நீல்ஸ் போர் மெட்ராஸ் வந்தப்போ மயிலாப்பூர்ல அவர் வீட்டு செமினாரைப் பார்த்துப் பாராட்டினார். அந்தப் பேச்சு நேரு வரைக்கும் போய், 1962 ஜனவரி 3-ல நிறுவனம் திறந்தாச்சு. எங்க ஏரியாவுல இருந்து தரமணிக்கு ரெண்டு பஸ், ஒரு ரயில். ஆனா அந்தக் கட்டுரைகள் எல்லாம் நெட்ல சும்மா கிடக்கு, ராயபுரத்துல இருந்து படிச்சாலும் அதே கட்டுரைதான்.

விஷயத்துக்கு வர்றேன். இருநூறு கோடியில ஒண்ணைக் கணக்குப் போட முடியுது. ஆனா ரொம்ப சாதாரணமா நடக்கறது, 'மொத்தம் எத்தனை மோதும்?' அதைப் போட முடியல. ஏன்னா ஹிக்ஸ் வர்றது நச்சுனு நேருக்கு நேர் இடிக்கிற மோதல். அங்க குவார்க்குகளுக்கு நடுவுல விசை பலவீனமாயிடும், படிப்படியா விரிச்சுக் கணக்குப் போடலாம். மொத்த வெட்டுப்பரப்புல பெரும்பங்கு உரசிக்கிட்டுப் போற மோதல்கள். அங்க விசை பயங்கர பலம், படிப்படி வேலைக்காகாது. அதனால மாடல்தான். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துல இருந்த ரோகிணி காட்போலே (2024 அக்டோபர்ல காலமானார்), இத்தாலியோட பான்கேரி குழுவோட சேர்ந்து, உள்ள நடக்கற குட்டி குட்டி ஜெட்களால வெட்டுப்பரப்பு ஏறுது, மென்மையான குளுவான்கள் உதிர்றதால அந்த ஏற்றம் மட்டுப்படுதுன்னு ஒரு மாடல் போட்டாங்க. எனக்கு அதுல பாதி புரியும்.

முழுசாப் புரியறது டொனக்கி–லான்ட்ஷாஃப் மாடல், 1992. மோதல் எனர்ஜியோட வர்க்கத்தை எடுத்து 0.0808-ன்னு ஒரு அடுக்குக்கு உயர்த்தி 21.7-ஆல பெருக்கு. அதோட, எனர்ஜி கூடினா தேஞ்சு போற இன்னொரு உறுப்பைக் கூட்டு. அவ்வளவுதான். பைத்தான்ல எட்டு வரி. ஆபீஸ்ல 0.0808-ன்னு ஒரு மேஜிக் நம்பரை ஹார்ட்கோட் பண்ணினா ரிவ்யூல கிழிச்சுடுவாங்க. ஆனா போட்டுப் பாருங்க. ஐ.எஸ்.ஆர். எனர்ஜி 53 ஜி.இ.வி.-க்கு 42.8 மில்லிபார்ன், அளவோட அப்படியே உட்காருது. சிகாகோ டெவட்ரான் 1.8 டி.இ.வி.-க்கு 72.9. எல்.எச்.சி. 7 டி.இ.வி.-க்கு 90.7 சொல்லுது, டோட்டெம் அளந்தது 98. 13-க்கு 100 சொல்லுது, அளந்தது 110.6. அங்க உடையுது. அதுக்காகக் கேவலமான மாடல்னு சொல்ல மாட்டேன். கையால எழுதற அளவு ஃபார்முலா 250 மடங்கு எனர்ஜி தாண்டியும் பத்து சதவீதத்துக்குள்ள நிக்குதே, அதுவே எனக்கு அதிசயம்.

இதுக்கு ஒரு வேக வரம்பும் உண்டு. ஃப்ருவாசார் 1961-ல போட்டது, மார்ட்டின் பிறகு இறுக்கினார். எனர்ஜியோட லாகரிதத்தின் வர்க்கத்தை விட வேகமா வெட்டுப்பரப்பு ஏற முடியாது. அந்த வரம்பு 13 டி.இ.வி.-க்கு எவ்வளவுன்னு போட்டேன். 21,000 மில்லிபார்னுக்கு மேல! எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல 21,000 வரைக்கும் போகலாம்னு போர்டு வச்சுட்டு, வண்டி 110-ல போற மாதிரி.

ரொம்ப சுவாரசியமான சண்டை டெவட்ரான்ல நடந்தது. ஒரே மெஷின், ஒரே 1.8 டி.இ.வி. எனர்ஜி. ஈ-710 குழு 72.8-ன்னு சொல்லுச்சு. சி.டி.எஃப். குழு 80-ன்னு சொல்லுச்சு. பிறகு ஈ-811 வந்து 71.4-ன்னுச்சு. 2011-ல மெஷினையே மூடிட்டாங்க, சண்டை தீரல. இப்போ எல்.எச்.சி.-லயும் அதே மாதிரி: 13 டி.இ.வி.-ல டோட்டெம் 110.6, அட்லஸ் குழு ரோமன் பாட் வச்சு அளந்து 2022-ல சொன்னது 104.7. பிழை வரம்பைப் பார்த்தா பெரிய முரண்பாடுன்னு சொல்ல முடியாது. ஆனா 7, 8 டி.இ.வி.-லயும் அட்லஸ்தான் கீழ இருக்கு. என் எட்டு வரி புரோகிராம்ல எந்தப் புள்ளியைச் சேர்க்கறேனோ அதைப் பொறுத்து கோடு வளையுது. நான் ரெண்டையும் போட்டு வச்சிருக்கேன். அட்லஸ் அளவுதான் சரியா இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். அதோட பிழை வரம்பு சின்னது, பீம்ல எத்தனை புரோட்டான் குறுக்கிடுதுங்கறதையும் அவங்க தனியா அளந்திருக்காங்க.

இந்த 'எத்தனை குறுக்கிடுது' விஷயத்தை விட்டுட்டா வெட்டுப்பரப்புக்கு அர்த்தமே இல்லை. எத்தனை மோதல் நடக்கும்? வெட்டுப்பரப்பு பெருக்கல் லூமினாசிட்டி. ரெண்டு எண்ணும் வேணும். எல்.எச்.சி. அதோட வடிவமைப்பு லூமினாசிட்டியில ஓடினா வினாடிக்கு 80 கோடி மோதல், ஹிக்ஸ் ரெண்டு வினாடிக்கு ஒண்ணு. வெட்டுப்பரப்பு துக்கடாவா இருந்தாலும் மறுபக்கம் எண்ணிக்கை மலை மாதிரி இருந்தா ஹிக்ஸ் வரத்தான் செய்யும்.

இதைச் சொல்லப் போய்தான் கிளப்புல நியூட்ரினோ வந்துச்சு. தேனி பொட்டிபுரத்துல மலைக்கு அடியில நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, போராட்டம், கேஸ்னு போய், 2022 பிப்ரவரியில தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துல வேண்டாம்னு மனு போட்டது உங்களுக்குத் தெரியும். நியூட்ரினோவால கதிர்வீச்சு வரும்னு அப்போ வாட்ஸப்ல சுத்தினதும் தெரியும். எனக்கு அந்த மெசேஜ் எல்லாம் பார்த்துக் கடுப்பு. ஏன்னா இது வெட்டுப்பரப்பு வச்சு ரெண்டு நிமிஷத்துல போடற கணக்கு. சூரியன்ல இருந்து மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு 6,500 கோடி நியூட்ரினோ நம்மைத் துளைச்சுக்கிட்டுப் போகுது. ஒரு ஆள் உடம்புல எழுபது வருஷத்துல அதுல ஒண்ணு மோதினா பெரிய விஷயம். தேனியில வைக்க இருந்த 50,000 டன் இரும்புலயே காற்று மண்டல நியூட்ரினோ ஒரு நாளைக்குப் பத்து இருபதுக்கு மேல மோதாது. கோலார் தங்கச் சுரங்கத்துல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல 1965-லயே நம்மாளுங்க அதைப் பிடிச்சுக் காட்டியிருக்காங்க. அதே நேரத்துல இந்தக் கேரம் போர்டு வழியா வினாடிக்குத் தொண்ணூறு மியூவான் போகுது, அது யாரையும் பயமுறுத்தல.

அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் நிதானமாச் சொன்னார்.

"எண்ணு சரிதான் தம்பி. நீ சொன்னா நம்பறேன். ஆனா அன்னிக்கு ராத்திரி?"

அன்னிக்கு ராத்திரின்னா 2023 டிசம்பர் 26. கடலுக்கு அடியில கப்பல்ல இருந்து ஒரு உரத் தொழிற்சாலைக்கு வர்ற அமோனியா குழாய் கசிஞ்ச ராத்திரி. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க கண் எரியுது, மூச்சு முட்டுதுன்னு குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. எங்க அத்தை வீடு சின்னகுப்பம். நானும் மாமா பையனும் பைக் எடுத்துக்கிட்டுப் போய், எக்ஸ்பிரஸ் ரோட்டுல நின்ன கூட்டத்துல அத்தையைத் தேடிக் கூட்டிட்டு வந்தோம். ஈரத்துணியை மூக்குல வச்சுக்கிட்டு அத்தை வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க: "நாப்பது வருஷமா ஒண்ணும் ஆவாது ஒண்ணும் ஆவாதுன்னாங்களே."

அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடிதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல ஆத்துல எண்ணெய் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுப்பு. படகு, வலை, நண்டு எல்லாம் போச்சு. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் இடிச்சு எண்ணெய் கொட்டினப்போ வாளியில அள்ளினதையும் இந்த ஊர் பார்த்திருக்கு.

"குழாய் உடையறதுக்கு எவ்ளோ சான்ஸுன்னு ஒரு கணக்கு போட்டுத்தானே வச்சிருப்பாங்க? அதுவும் உன் ஹிக்ஸ் மாதிரி கோடியில ஒண்ணுன்னுதானே இருந்திருக்கும்? தேனிக்காரன்கிட்ட நீ போய் கோடியில ஒண்ணுன்னு சொன்னா அவனுக்கு இந்தக் குழாய்தானே ஞாபகம் வரும்"னார் அண்ணன்.

நான் விடல. ரெண்டும் ஒரே மாதிரி எண் இல்லண்ணே, நியூட்ரினோ எண்ணை யார் வேணா எந்த நாட்டுல வேணா அளந்து பார்க்கலாம், அளந்துட்டாங்க. தென் துருவத்துல ஐஸ்கியூப் ஆய்வகம் 2017-ல பூமியையே குறுக்க வச்சு, எத்தனை நியூட்ரினோ மறுபக்கம் வராம போச்சுன்னு எண்ணி வெட்டுப்பரப்பைச் சொல்லியிருக்கு, தியரி எதிர்பார்ப்போட பிழை வரம்புக்குள்ள ஒத்துப் போச்சு, யஷ் பால் பண்ண அதே தப்பிப் பிழைச்சவங்க கணக்குதான்னேன். குழாய் விஷயம் வேற. அதுல ஒரு தடவை கசியற வாய்ப்பு எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை கப்பல், எத்தனை மணி நேரம் பம்ப் பண்றாங்க, குழாய்க்கு வயசு என்ன, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் பெருக்கவே முடியும். எங்க அத்தை வீட்டுக்கு நாப்பது வருஷத்துல யாரும் வந்து அதுல ஒரு எண்ணையும் சொன்னதில்லை.

"அதத்தான்பா நானும் சொல்றேன்"னார்.

தேனி விஷயத்துல என் நிலைப்பாடு மாறல. கதிர்வீச்சுக் கதை தப்பு, அதை இன்னும் கத்திச் சொல்வேன். ஆனா அங்க சுரங்கம் தோண்டறது, பாறை வெடிக்கறது, புலி நடமாடற பாதைன்னு கேட்ட கேள்விகளை வெட்டுப்பரப்பை வச்சு ஒதுக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்டவங்களையும் வாட்ஸப் கூட்டத்தையும் ஒரே லாரியில ஏத்தின பிசிக்ஸ்காரங்க மேல எனக்கு வருத்தம் உண்டு. நானும் அந்தப் பக்கத்து ரசிகன்தான், அதனாலயே வருத்தம்.

கிளப்புல அதுக்கப்புறம் ரெண்டு போர்டு ஆடினோம். நான் ஸ்கோர் எழுதினேன்.

பி.கு: கேரம் கணக்கை யாராவது வீட்டுல செஞ்சு பார்க்கறதா இருந்தா, 19 காயையும் கலைச்சுப் பரப்பிட்டு, கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு ஐம்பது தடவை அடிங்க. முதல் இடிக்கு ஸ்ட்ரைக்கர் போன தூரத்தைக் குறிச்சு வைங்க. எதுவும் படாம எதிர்ச்சுவர் வரைக்கும் போனதைத் தனியாக் குறிங்க, சராசரியில சேர்த்துடாதீங்க. அந்தத் தப்பிச்ச எண்ணிக்கையை மட்டும் வச்சே 7.3 சென்டிமீட்டர் திரும்ப வருதான்னு பாருங்க. எங்க கிளப் போர்டுல எனக்கு 6.8 வந்துச்சு. காய் ஓரம் தேஞ்சிருக்குன்னு அண்ணன் சொல்றார்.